திரும்பி வந்தவரின் கணக்கு: 'அல்-முன்கித்' - ஒரு மறுவாசிப்பு

சுயமுன்னேற்ற நூல்களின் பெருக்கம் நம் காலத்தின் அடையாளங்களுள் ஒன்று. புத்தகக் கண்காட்சிகளில் அவற்றுக்கெனத் தனி அடுக்குகள் உள்ளன. கல்லூரிகளிலும் ஜமாஅத் மன்றங்களிலும் ஆளுமை வளர்ச்சிப் பயிலரங்குகள் நடைபெறுகின்றன. இத்தகைய மேடைகளில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் பெயரும் அவ்வப்போது ஒலிக்கக் கேட்கிறோம். புகழின் உச்சியில் இருந்த பேராசிரியர் ஒருவர் பதவியையும் செல்வத்தையும் உதறிவிட்டுத் தம்மைத் தேடிப் புறப்பட்டார். வாழ்வின் நோக்கத்தைக் கண்டடைந்தார். நாமும் அவ்வாறே கண்டடையலாம் என்பது அங்கே சொல்லப்படும் செய்தியின் சுருக்கம். இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது, இமாம் ஐம்பது வயதைக் கடந்த பின் எழுதிய 'அல்-முன்கித் மினள் ளலால்' (வழிகேட்டிலிருந்து மீட்பது) என்னும் சிறு நூல்.

இந்தச் சுருக்கத்தில் பிழையான செய்தி எதுவும் இல்லை. எனினும் அது நூலின் பாதியோடு நின்றுவிடுகிறது. 'முன்கித்' விவரிப்பது இருவழிப் பயணம். ஹிஜ்ரி 488 துல்கஃதாவில் (1095 நவம்பர்) இமாம் பக்தாதை விட்டு வெளியேறினார். ஹிஜ்ரி 499 துல்கஃதாவில் (1106 ஜூலை) மீண்டும் பாடம் நடத்துவதற்காக நைஸாபூர் சென்றார். இவ்விரு மாதங்களையும் நூலில் அவரே குறிப்பிட்டு, இடைப்பட்ட தனிமை பதினோராண்டுகள் என்று கணக்கும் சொல்கிறார். வெளியேறியதைக் கொண்டாடும் நாம், திரும்பியதை ஒரு பின்குறிப்பைப் போலக் கடந்து செல்கிறோம். அவ்வாறு கடப்பதால் நூலின் மையக் கேள்வியையே தவறவிடுகிறோம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் வெளியேற்றத்தைப் பார்ப்போம். தூஸ் நகரில் கம்பளி நூற்று விற்ற ஓர் எளிய மனிதரின் பிள்ளைகள் அபூ ஹாமித் கஸ்ஸாலியும் அவர் தம்பி அஹ்மதும். தந்தை இறந்து, அவர் விட்டுச் சென்ற சிறு தொகையும் தீர்ந்த பின், உணவு கிடைக்கும் என்பதற்காகவே இருவரும் மதரஸாவில் சேர்க்கப்பட்டனர் என்று தாஜுத்தீன் சுப்கீ பதிவு செய்கிறார். நைஸாபூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனியிடம் (இறப்பு 1085) பயின்று, ஸல்ஜூக் பேரரசின் அமைச்சர் நிஜாமுல் முல்கின் அவையில் பெயர் பெற்ற அபூ ஹாமித், 1091இல் பக்தாத் நிஜாமிய்யாவின் பேராசிரியரானார். அப்போது அவருக்கு முப்பதைச் சற்றே கடந்த வயது. முந்நூறு மாணவர்கள் அவரிடம் பாடம் கேட்டனர். மறுஆண்டிலேயே, 1092இல், நிஜாமுல் முல்க் கொல்லப்பட்டார். அடுத்த சில வாரங்களில் சுல்தான் மலிக்ஷாவும் இறந்தார். பேரரசு வாரிசுச் சண்டைகளில் சிக்கிய அந்த ஆண்டுகளில்தான் இமாமின் அகப்போராட்டமும் முற்றியது.

அந்தப் போராட்டத்தின் தன்மையைத் துல்லியமாகப் புரிந்துகொள்வது அவசியம். 'முன்கித்' இரு நெருக்கடிகளைப் பற்றிப் பேசுகிறது. இளமையில் நேர்ந்த முதலாவது, அறிவு பற்றியது. புலன்களையும் பகுத்தறிவின் அடிப்படைகளையும் நம்பலாமா என்ற ஐயம் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் அவரை வாட்டியது. வாதங்களால் அது தீரவில்லை. இறைவன் உள்ளத்தில் இட்ட ஓர் ஒளியால்தான் தீர்ந்தது என்கிறார். இரண்டாவது நெருக்கடி 1095 ரஜப் மாதம் தொடங்கி ஆறு மாத காலம் நீடித்தது. அப்போது அவருக்கு ஈமானில் ஐயம் இல்லை. இறைவன், தூதுத்துவம், மறுமை ஆகிய மூன்றிலும் உறுதி இருந்தது. ஐயம் தம் மீதே எழுந்தது. யாருக்காகப் பாடம் நடத்துகிறோம் என்று தம்மையே கேட்டபோது, இறைவனுக்காக என்று சொல்ல முடியவில்லை. பதவியும் பெயரும்தான் தம்மை இயக்குகின்றன என்று கண்டார்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அவர் செய்துவந்த பணி தீயதன்று. மார்க்கச் சட்டம் போதித்தல் சமூகக் கடமை. அதை அவரைவிடத் திறம்படச் செய்தவர் அன்றைய பக்தாதில் அரிது. வெளியிலிருந்து பார்த்தால் அது முற்றிலும் நோக்கமுள்ள வாழ்க்கை. சிக்கல் செயலில் இல்லாமல் நிய்யத்தில் இருந்தது. ஒரு நாள் புறப்பட உறுதி கொள்வார். மறுநாள் அந்த உறுதி தளரும். மாணவர்களின் மனநிறைவுக்காக ஒரு நாளாவது பாடம் சொல்ல முயன்றும் நா எழவில்லை. உணவு இறங்கவில்லை. இது உள்ளத்திலிருந்து உடலுக்கு இறங்கிய நோய். கவலை நீங்கினாலன்றி மருந்துக்கு வழியில்லை என்று மருத்துவர்கள் கைவிட்டனர்.

நூலின் மிக வலுவான பகுதி இதுவே. ஆரோக்கியத்தின் வரையறையை அறிவது வேறு, ஆரோக்கியமாக இருப்பது வேறு என்று இமாம் வேறுபடுத்திக் காட்டுகிறார். நோயுற்ற மருத்துவர் உடல்நலத்தின் இலக்கணத்தையும் மருந்துகளையும் நன்கு அறிந்திருப்பார். நலம் மட்டும் அவரிடம் இராது. அபூதாலிப் மக்கீ, ஹாரிஸ் முஹாஸிபீ, ஜுனைத் போன்றோரின் எழுத்துகளை வாசித்துப் பெறத்தக்க அனைத்தையும் பெற்றுவிட்டதாக உணர்ந்த இமாம், மீதமிருப்பது வாசிப்பால் கிடைப்பதன்று என்று கண்டார். வாசிப்பதையே வளர்ச்சி என்று கருதும் ஒவ்வொருவரையும் இந்த ஒப்புமை தொல்லைப்படுத்த வேண்டும். பொறுமையைப் பற்றி ஒரு நூல் வாசித்து முடிக்கும்போது பொறுமைசாலியாகிவிட்டது போன்ற ஒரு மயக்கம் தோன்றுகிறதே, அந்த மயக்கத்தைத்தான் இமாம் குறிவைக்கிறார்.

இனி, இந்நூல் நவீன வாசிப்பில் எவ்வாறு சுருங்கியது என்பதைக் காண்போம். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1902இல் வெளிவந்த தம் சமய அனுபவ ஆய்வு நூலில், பிரெஞ்சு மொழிபெயர்ப்பு ஒன்றின் வழியாக 'முன்கித்'தைப் பயன்படுத்தினார். அவர் எடுத்துக்கொண்டது ஸூஃபி அனுபவம் பற்றிய பகுதியை. நைஸாபூர் அதில் இல்லை. தனிமனிதரின் அக அனுபவத்தைத் தேடியவருக்கு அப்பகுதியே போதுமானதாக இருந்தது. 1980இல் ரிச்சர்ட் மெக்கார்த்தி வெளியிட்ட விரிவான ஆங்கில மொழிபெயர்ப்புக்கு, 'விடுதலையும் நிறைவும்' என்று பொருள்படும் தலைப்பு இடப்பட்டது. மொழிபெயர்ப்பின் தரத்தில் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் இமாமின் தலைப்போடு அதை ஒப்பிட்டால் இடைவெளி தெரிகிறது. மீட்கப்படுவதைப் பற்றி இமாம் பேசுகிறார்; புதிய தலைப்பில் மீட்பவனுக்கு இடமில்லை, விடுதலை பெறும் மனிதர் மட்டுமே இருக்கிறார். இன்றைய பயிலரங்குகள் இந்தப் பாதையில் இன்னும் சற்றுத் தொலைவு சென்றுள்ளன, அவ்வளவே.

இதற்கு நேர்மாறான வாசிப்பும் உண்டு. இமாமின் வாக்குமூலத்தை ஐயுறும் ஆய்வாளர்கள் இருக்கின்றனர். பாத்தினிய்யாக்களின் கொலைக்கத்திக்கு அஞ்சியே அவர் பக்தாதை விட்டு அகன்றார் என்று சென்ற நூற்றாண்டில் ஃபரீத் ஜப்ர் வாதிட்டார். நிஜாமுல் முல்கின் கொலையும், பாத்தினிய்யாக்களுக்கு எதிராக இமாம் எழுதிய நூல்களும் இந்த ஊகத்திற்கு ஓரளவு இடமளிக்கின்றன. கலாம், தத்துவம், பாத்தினிய்யாக் கொள்கை, தஸவ்வுஃப் என்று நான்கு படிகளாக நூலில் அடுக்கப்படும் தேடல், நடந்த வரிசையில் அமைந்ததன்று. கற்பிக்கும் வசதிக்காக ஒழுங்குபடுத்தப்பட்டது என்ற கருத்தும் ஏற்கத்தக்கதே. தஸவ்வுஃபோடு இமாமுக்கிருந்த தொடர்பு இளமையிலேயே, ஃபார்மதீயின் (இறப்பு 1084) வழியாகத் தொடங்கிவிட்டது.

ஆனால் இமாமின் உளத்தூய்மையை ஐயுற்ற முதல் மனிதர் ஐரோப்பிய ஆய்வாளர் அல்லர். அவர் காலத்தவரும் நைஸாபூரின் வரலாற்றாசிரியருமான அப்துல் காஃபிர் ஃபாரிஸீ (இறப்பு 1134). இளமைக் கஸ்ஸாலியின் செருக்கையும், பிறரை அற்பமாகப் பார்க்கும் பார்வையையும் நேரில் கண்டவர் அவர். திரும்பி வந்தவரின் பணிவு வெறும் பாவனையாக இருக்கலாம் என்று எண்ணி, பலமுறை சென்று கவனித்தார். தம் ஐயம் தவறு என்று கண்டபின் அதையும் எழுதிவைத்தார். தம் மாற்றத்தைப் பற்றி ஒரு மனிதர் தாமே தரும் சான்றைவிட, அவரை விரும்பாதிருந்த அண்டை வீட்டாரின் சான்று கனமானது. இன்றைய வளர்ச்சிக் கதைகளில் நாம் காணாதது இத்தகைய சாட்சியைத்தான்.

இமாமை மதிப்பதென்பது அவரிடம் கேள்வி கேட்காதிருப்பதாகாது. புறப்பாட்டின் விவரங்களில் நம்மை உறுத்துபவை உள்ளன. கலீஃபாவும் நண்பர்களும் தடுத்துவிடுவார்கள் என்று மக்காவுக்குச் செல்வதாக அறிவித்துவிட்டு ஷாமுக்குப் புறப்பட ஆயத்தம் செய்ததை அவரே ஒப்புக்கொள்கிறார். மாணவர்களின் வகுப்பைத் தம்பி அஹ்மத் ஏற்றதால் பாடம் அறுந்துபோகவில்லை. தமக்கும் பிள்ளைகளுக்கும் தேவையான அளவை வைத்துக்கொண்டே ஏனைய செல்வத்தைப் பங்கிட்டார். ஆகவே பொறுப்பற்ற துறவென்று அதைச் சொல்லிவிட முடியாது. எனினும் அந்தப் பிள்ளைகளின் பெயரோ குரலோ நூலில் இல்லை. பிற்பாடு, அவர்களின் அழைப்பே தம்மை ஊருக்கு இழுத்தது என்று ஒரு வரியில் வருகிறது. திமிஷ்கின் பள்ளிவாசல் மினாராவில் கதவடைத்துக்கொள்ள இமாமால் முடிந்தது. வீட்டில் நோயுற்ற தாயும் மாதக் கடைசியில் வாடகையும் காத்திருக்கும் ஒருவரால் அது முடியாது. வெளியேற்றத்தை மட்டும் முன்மாதிரியாக வைத்தால், நோக்கமுள்ள வாழ்க்கை என்பது வெளியேற வசதியுள்ளவர்களின் உரிமையாகச் சுருங்கிவிடும்.

நூலே இதற்கு விடையளிக்கிறது. ஊர் திரும்பிய பின் குடும்பத் தேவைகளும் பிழைப்பின் நெருக்கடிகளும் தம் தனிமையின் தெளிவைக் கலைத்தன. உள்ளம் ஒருமைப்பட்ட நிலை இடையிடையேதான் வாய்த்தது. ஆயினும் நம்பிக்கையைக் கைவிடவில்லை என்கிறார் இமாம். பதினோராண்டுத் தனிமைக்குப் பின்னும் அவர் எட்டிய இடம் கலங்காத நீர்நிலை அன்று. இடையூறுகளுக்கு நடுவே மீண்டும் மீண்டும் தொடங்குவதைத்தான் அவர் அந்த ஆண்டுகளின் பெரும்பகுதியாகக் கணக்கில் எழுதுகிறார். இந்த வரிகள் மேடைகளில் எடுத்தாளப்படுவதில்லை. நம்மில் பெரும்பாலோருக்கு நெருக்கமானவை இவையே.

இப்போது திரும்பிய கட்டம். மக்களின் மார்க்கப் பற்று தளர்ந்திருப்பதைக் கண்ட இமாம், அதற்குக் காரணங்களைத் தேடுகிறார். ஆலிம்களே இப்படி நடக்கிறார்களே என்று மக்கள் சொல்லும் சாக்கு அவற்றுள் ஒன்று. மருத்துவர்களே நோயுற்றிருக்கும்போது தனிமையால் என்ன பயன் என்ற கேள்வி அவருக்குள் எழுகிறது. உடனே அவர் மனம் மறுப்பும் சொல்கிறது: காலம் கெட்டுவிட்டது, தனி ஒருவரால் இயலாது, ஆட்சியாளரின் துணையின்றி இப்பணி நடவாது. இந்தச் சமாதானத்தோடு தனிமையிலேயே தங்கியிருக்கிறார். பிறகு ஆட்சியிடமிருந்தே அழைப்பு வருகிறது. சஞ்சரின் அமைச்சரும் நிஜாமுல் முல்கின் மகனுமான ஃபக்ருல் முல்க் நைஸாபூரில் பாடம் நடத்தப் பணிக்கிறார். இயலாது என்ற சாக்கு இப்போது விழுந்துவிட்டது.

நூலின் முதுகெலும்பு இவ்விடத்தில் இருக்கிறது. இனியும் தனிமையில் இருந்தால் அதற்குக் காரணம் என்னவாக இருக்கும் என்று இமாம் தம்மையே கேட்கிறார். சோம்பலா? ஓய்வின் சுகமா? மக்களின் வசைக்கு ஆளாகாமல் தம் மானத்தைக் காத்துக்கொள்ளும் விருப்பமா? பக்தாதின் ஆசனத்தில் எந்தக் கேள்வி அவரை நிம்மதியிழக்கச் செய்ததோ, அதே கேள்வி இப்போது தொழுகை விரிப்பிலும் அவரை விடவில்லை. புகழாசை பாடத்தில் ஒளிந்திருந்தது போலவே, சுகவிருப்பம் துறவில் ஒளிந்திருக்க முடியும். மேடையைத் துறப்பதும் ஒரு மேடையாகலாம். இந்த இரண்டாவது பரிசோதனை இல்லையேல் 'முன்கித்' ஒரு சாதனையாளரின் வெற்றிக் கதையாக முடிந்திருக்கும். அதனால்தான் திரும்பிய கட்டத்தை நீக்கிவிட்டு நூலை வாசிக்கக் கூடாது என்கிறோம்.

இதிலும் ஒரு சிக்கல் மறைந்திருக்கிறது. 1096இல் ஹெப்ரானில் நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் அடக்கத்தலத்தில் இமாம் மூன்று உறுதிமொழிகள் எடுத்திருந்தார்: ஆட்சியாளரின் வாயிலுக்குச் செல்வதில்லை, அவர்களின் பொருளைப் பெறுவதில்லை, பொதுமேடை விவாதங்களில் ஈடுபடுவதில்லை. இவற்றை அவருடைய பாரசீகக் கடிதங்களில் காண்கிறோம். அரசு நிறுவிய மதரஸாவில் மீண்டும் அமர்ந்தபோது இந்த உறுதிமொழிகள் என்னவாயின? உளத்தெளிவுடையோரைக் கலந்தாலோசித்ததையும், நல்லோரின் கனவுகளையும் 'முன்கித்' காரணமாகக் கூறுகிறது. எல்லா வாசகர்களுக்கும் இந்த விடை நிறைவளிக்காது. இமாமுக்கும் அது இறுதி விடையாக இருந்ததாகத் தெரியவில்லை. சில ஆண்டுகளில் நைஸாபூரை விட்டுத் தூஸுக்குத் திரும்பி, தம் வீட்டருகே மாணவர்களுக்கு ஒரு மதரஸாவும் ஸூஃபிகளுக்கு ஒரு தங்கலும் அமைத்துக்கொண்டார். பக்தாத் ஆசனம் மீண்டும் தேடி வந்தபோது, தூஸின் மாணவர்களையும் பழைய உறுதிமொழிகளையும் காரணம் காட்டி மறுத்தார். 1111 டிசம்பரில் அந்த ஊரிலேயே மறைந்தார். ஏற்றதும் விலகியதும் மறுத்ததும் ஒரே மனிதரின் செயல்கள். ஒவ்வொன்றிலும் நிய்யத்தைப் புதிதாக எடைபோட வேண்டியிருந்தது.

தாம் நைஸாபூருக்குத் திரும்பியது திரும்பல் அன்று என்று இமாம் வாதிக்கிறார். முன்பு பதவியை ஈட்டும் கல்வியைப் பரப்பினார். இப்போது பதவியைத் துறக்கக் கற்பிக்கும் கல்விக்கு அழைக்கிறார். ஆனால் இதைச் சொன்ன கையோடு, தம் இலக்கை அடைவாரா, அடையாமலேயே போய்விடுவாரா என்பது தமக்குத் தெரியாது என்றும் சேர்க்கிறார். முதலில் தம்மைச் சீர்செய்து, பிறகு தம் மூலம் பிறரைச் சீர்செய்யுமாறு இறைவனிடம் இறைஞ்சுகிறார். கண்டடைந்துவிட்டேன் என்று அறிவிக்கும் குரல் இதுவன்று. சுயமுன்னேற்ற நூல் எதுவும் இப்படி முடியத் துணியாது; அதன் ஆசிரியர் வந்து சேர்ந்தவராக இருந்தாக வேண்டும்.

அப்படியானால் இமாம் நமக்குத் தருவது என்ன? அதற்கான விடை 'இஹ்யா உலூமித்தீன்' நூலின் இறுதிக் காற்பகுதியில், சுயகண்காணிப்பும் சுயகணக்கும் பற்றிய நூற்பகுதியில் இருக்கிறது. அங்கே இமாம் எடுத்துக்கொள்ளும் உருவகம் வணிகம். அறிவு முதலாளி; நஃப்ஸ் கூட்டாளி; ஆயுள்தான் முதல். காலைத் தொழுகைக்குப் பின் கூட்டாளிக்கு நிபந்தனை விதிக்க வேண்டும். பகலில் கண்காணிக்க வேண்டும். இரவில் கணக்குக் கேட்க வேண்டும். கையாடல் தெரிந்தால் தண்டிக்கவும் பாடுபடுத்தவும் கண்டிக்கவும் வேண்டும். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பேரேடு எழுதிப் பழகிய குடும்பங்களின் வழிவந்த வாசகர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. கூட்டாளியை நம்பியே தொழில் செய்ய வேண்டும். ஆனால் கணக்குப் பார்க்காமல் எந்தக் கூட்டாளியையும் நம்பக் கூடாது. ஐந்தொகை போடாத கடையில் இலாபம் வருவதாகத் தோன்றுவது கல்லாவில் சில்லறை புரளும் சத்தத்தால் மட்டுமே.

இந்த உருவகம் நோக்கம் என்ற சொல்லையே வேறு தளத்திற்குக் கொண்டு செல்கிறது. நவீனப் பேச்சில் நோக்கம் என்பது எங்கோ உள்ளே புதைந்திருக்கும் பொருள். ஒருமுறை தோண்டி எடுத்துவிட்டால் ஆயுளுக்கும் போதும். இமாமிடம் அது அன்றாடக் கணக்கு. நேற்றைய தூய்மை இன்றைக்குச் செல்லாது. செயல்களை நிய்யத்தோடு பிணைக்கும் நபிமொழியை நாம் சிறுவயதிலேயே மனனம் செய்துவிடுகிறோம். அதன் கடுமை, ஒவ்வொரு செயலுக்கும் அது புதிதாகப் பொருந்துகிறது என்பதில் இருக்கிறது. ஆசிரியர் நாளைய வகுப்பிலும் வணிகர் அடுத்த பேரத்திலும் தாய் அடுத்த உணவிலும் அதைச் சந்திக்கின்றனர். இதற்கு யாரும் ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. போகாமலேயே செய்வது இன்னும் கடினம் என்பதும் உண்மை.

தன்னை ஐயுற்றுக்கொண்டே இருந்தால் செயல் முடங்காதா என்ற கேள்வி நியாயமானது. பக்தாதில் இமாம் முடங்கிப் போனதையும் பார்த்தோம். ஆனால் தூய்மை உறுதியாகும் வரை செயலை ஒத்திவைக்கலாம் என்ற முடிவுக்கு அவர் வரவில்லை. நைஸாபூரில் ஐயத்தோடேயே அமர்ந்தார். இறைஞ்சிக்கொண்டே பாடம் சொன்னார். சோற்றுக்காக மதரஸாவில் சேர்ந்த சிறுவர்களை அந்தக் கல்வியே இறைவனின் பக்கம் இழுத்துச் சென்றது என்பது அச்சகோதரர்களைப் பற்றிய மரபு. கலப்புள்ள நிய்யத்தோடு தொடங்கிய நற்செயலையும் இறையருள் கைவிடுவதில்லை என்ற நம்பிக்கை அதில் உண்டு. அந்த நம்பிக்கை இல்லையேல் கணக்குப் பார்ப்பது வெறும் தன்வெறுப்பாக முடியும். கணக்கு இல்லையேல் நம்பிக்கை வெறும் மெத்தனமாக முடியும்.

இக்கட்டுரையை எழுதுபவனும் இதற்கு விலக்கல்லன். பெயர் அச்சில் வருவதைக் காணும் மகிழ்ச்சி எந்தக் கணக்கில் சேரும் என்று அறியாதவனாகவே இதை எழுதி முடிக்கிறேன். 'முன்கித்'தை மீண்டும் வாசிக்க விரும்புவோர், திமிஷ்கின் மினாராவோடு மூடிவிடாமல் நைஸாபூர் வரை செல்லட்டும். திரும்பி வந்தவர் அன்றிரவும் பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டுதான் அமர்ந்திருப்பார்.